இணைவு ஆற்றல் இயந்திரத்துக்குக் கட்டுப்பாட்டு அமைப்பைத் திட்டமிடுவது எப்படி? கடலூர், புதுச்சேரி கருவியியல் துறையினருக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவருக்கும், நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பாய்லர் டிரிப் ஆவதை அருகிலிருந்து பார்த்தவருக்கும், அணுக்கரு இணைவு இயந்திரத்தின் (லேசான அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்க முயலும் இயந்திரம்) கட்டுப்பாட்டில் பெரும்பகுதி புதிதாக இருக்காது. பம்ப், வால்வு, குளிர்நீர், வெற்றிடம், உயர் மின்னழுத்தம், அலாரம், ஆபத்து வந்தால் தானாகத் தடுக்கும் இன்டர்லாக் எல்லாம் அங்கேயும் உண்டு. புதியவை இரண்டுதான். முதலாவது, இன்றைய இணைவு இயந்திரங்கள் இடைவிடாமல் ஓடுவதில்லை. ஒரு துடிப்பு, பிறகு ஓய்வு, மறுபடி ஒரு துடிப்பு என்றுதான் ஓடுகின்றன. இரண்டாவது, வாரக்கணக்கில் நகரும் வேலையும் மைக்ரோநொடியில் முடிய வேண்டிய வேலையும் ஒரே இயந்திரத்துக்குள் இருக்கின்றன. ஆலைப் பழக்கம் காலை வாருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான். அதனால் இந்தக் கட்டுரையில் எந்தப் படிக்குப் போனாலும் நேரக் கணக்கு கூடவே வரும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ கருவியியல் படிப்பவர்கள், டிப்ளமோ முடித்து ஆலைகளில் பி.எல்.சி. (கருவிகளை நிரலின்படி இயக்கும் ஆலைக் கட்டுப்படுத்தி) பார்ப்பவர்கள், இவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறோம். இந்தியாவில் இந்த வேலையின் மையம் காந்திநகர் அருகே உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம். 1989-இல் இயங்கத் தொடங்கிய ஆதித்யா, அதன் மேம்பட்ட வடிவமான ஆதித்யா-யு, மின்தடை இல்லாத மீக்கடத்திக் காந்தங்கள் கொண்ட எஸ்.எஸ்.டி.-1 ஆகிய டோகமாக்குகள் (பிளாஸ்மா எனும் மிகச் சூடான மின்னேற்ற வாயுவைக் காந்தப்புலத்தால் வளைய அறைக்குள் பிடித்து வைக்கும் இயந்திரங்கள்) அங்கே இருக்கின்றன. பிரான்சின் தெற்கில் கடராஷ் என்ற இடத்தில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் திட்டத்தின் ஏழு உறுப்பினர்களில் இந்தியாவும் ஒன்று. பெரிய கணக்குகளுக்கு இவற்றை எடுத்துக்கொள்கிறோம். கையால் செய்து பழக ஒரு சிறிய வெற்றிட அமைப்பைப் பயன்படுத்துகிறோம். கல்லூரி ஆய்வகத்திலேயே அதை அமைக்கலாம்.

முதல் படி: நேரப் பட்டியல்

எந்த பி.எல்.சி. வாங்குவது என்ற பேச்சை முதல் கூட்டத்தில் எடுக்காதீர்கள். ஒரு தாளில் இயந்திரத்தின் ஒவ்வொரு பகுதியையும் எழுதி, எதிரே இரண்டு எண்களைப் போடுங்கள்: அந்தப் பகுதியில் ஏதாவது மாறுவதற்கு எவ்வளவு நேரமாகிறது? தவறு நடந்தால் எவ்வளவு நேரத்துக்குள் செயல்பட வேண்டும்?

பெரிய மீக்கடத்திக் காந்தத்தை அறை வெப்பநிலையிலிருந்து திரவ ஹீலியத்தின் வெப்பநிலைக்கு, அதாவது சுமார் 4 கெல்வினுக்கு, இறக்க வாரங்கள் ஆகும். அவசரப்பட்டால் உலோகம் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் சுருங்காமல் இழுவிசை ஏறும். குளிர்நீர், வெற்றிடப் பம்புகளின் கணக்கு நொடிகளிலும் நிமிடங்களிலும் ஓடும். காந்தத்துக்கு மின்னோட்டம் தரும் பவர் சப்ளைகள் மில்லிநொடிக் கணக்கில் இயங்குபவை. நீள்வட்டமாக இழுத்த பிளாஸ்மா மேலோ கீழோ நழுவாமல் பிடித்து வைக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று ஒரு மில்லிநொடியிலோ அதற்குள்ளோ திரும்பத் திரும்ப ஓட வேண்டும். ரேடியோ அலைக் குழாயில் மின்பொறி பாய்ந்தால், மூலத்தை நிறுத்தப் பத்து மைக்ரோநொடி அளவில்தான் அவகாசம்.

பிளாஸ்மா திடீரெனக் குலைவதை டிஸ்ரப்ஷன் என்பார்கள். அப்போது வெப்பம் சில மில்லிநொடிகளில் சுவரில் கொட்டும், மின்னோட்டம் சில பத்து மில்லிநொடிகளில் சரியும். ஈட்டர் அளவு இயந்திரத்தில் அந்த மின்னோட்டம் 15 மெகா ஆம்பியர். ஆபரேட்டர் திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவது என்பது இங்கே கணக்கிலேயே வராது.

பட்டியல் முடிந்ததும் அதை மூன்றாகப் பிரியுங்கள். 100 மில்லிநொடிக்கு மேல் அவகாசம் உள்ளவை பி.எல்.சி.க்குப் போகும். ஒரு மில்லிநொடி அளவிலானவை ரியல்டைம் லினக்ஸ் ஓடும் வேகக் கணினிக்குப் போகும். அதற்கும் கீழே உள்ளவற்றுக்கு உள்சுற்றையே நிரலால் அமைக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சில்லு, அல்லது கம்பியால் இணைத்த மின்னணுச் சுற்று. ஒன்று முதல் 100 மில்லிநொடி வரை உள்ள இடைப்பகுதியில்தான் வாக்குவாதம் வரும். அங்கே ஊகம் வேண்டாம், கணக்குப் போடுங்கள். பி.எல்.சி.யின் ஸ்கேன் (உள்ளீட்டைப் படித்து வெளியீட்டை எழுதும் ஒரு சுற்று) 20 மில்லிநொடி என்றால் அது 20 மில்லிநொடியில் செயல்படும் என்று நினைக்கக் கூடாது. இன்புட் கார்டின் வடிகட்டி சுமார் 3 மில்லிநொடி எடுக்கும். சிக்னல் ஒரு ஸ்கேனைத் தவறவிட்டால் மோசமான நிலையில் இரண்டு ஸ்கேன், அதாவது 40 மில்லிநொடி. வெளியீட்டு ரிலே 10 மில்லிநொடி. மொத்தம் 53. வால்வு நகரும் நேரம் இதற்கு மேல்தான். காந்தப் பவர் சப்ளையைக் காக்க 20 மில்லிநொடி வேண்டும் என்று நேரப் பட்டியல் சொன்னால், அந்த வேலையை இந்த பி.எல்.சி.யிடம் கொடுக்க முடியாது.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் 12-பல்ஸ் தைரிஸ்டர் கன்வெர்ட்டர் 1.67 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் புதிய கட்டளையை ஏற்க முடியும். 6-பல்ஸ் என்றால் அது 3.33 மில்லிநொடி. அதற்கு முன்னால் 50 மைக்ரோநொடியில் சுற்றும் விலையுயர்ந்த கட்டுப்பாட்டுக் கணினியை வைத்துப் பயனில்லை. சுற்றில் எது மெதுவோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது, பெரும்பாலும் அது பவர் சப்ளையாகவோ சென்சாராகவோ இருக்கும். அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. கார்டையும் கவனியுங்கள். டெல்டா-சிக்மா வகைக் கார்டுகள் துல்லியமானவை, ஆனால் உள்ளே உள்ள டிஜிட்டல் வடிகட்டி பல பத்து மாதிரிகள் அளவுக்குத் தாமதம் தரும். நொடிக்கு 10,000 மாதிரி எடுக்கும்போது 40 மாதிரித் தாமதம் என்றால் 4 மில்லிநொடி போய்விட்டது. பதிவு செய்ய அந்தக் கார்டு அருமையானது. பிளாஸ்மாவின் இடத்தைப் பிடித்து வைக்கும் சுற்றில் அதைப் போட்டால் சுற்று அலையத் தொடங்கும்.

இரண்டாம் படி: மூன்று அடுக்குகளைப் பிரித்தல்

இணைவு இயந்திரத்தில் கட்டுப்பாடு, முதலீட்டுப் பாதுகாப்பு, மனிதப் பாதுகாப்பு மூன்றும் தனித்தனி. ஈட்டரில் வழக்கமான கட்டுப்பாட்டுக்குக் கோடாக், இயந்திரத்தைக் காக்க மைய இன்டர்லாக் அமைப்பு, மனிதர்களையும் சுற்றுச்சூழலையும் காக்க மையப் பாதுகாப்பு அமைப்பு என்று பிரித்திருக்கிறார்கள். சென்சார், கேபிள், கட்டுப்படுத்தி, நெட்வொர்க் ஆகியவை அடுக்குக்கு அடுக்கு வேறு. சிறிய ஆய்வக அமைப்பிலும் இதே பிரிவைப் பின்பற்றுங்கள். செலவு கொஞ்சம்தான் கூடும். பிறகு பிரிக்கப் பார்த்தால் பேனலையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு சிக்னல் எந்த அடுக்கில் வரும் என்று தெரியாவிட்டால் இப்படிக் கேளுங்கள்: இது வேலை செய்யாமல் போனால் என்ன நஷ்டம்? அன்றைய துடிப்பு மட்டும் வீண் என்றால் முதல் அடுக்கு. ஒரு பம்போ காந்தமோ கெட்டுப்போகும் என்றால் இரண்டாவது. யாருக்காவது அடிபடும், கதிர்வீச்சுப் படும், ஆக்சிஜன் குறையும் என்றால் மூன்றாவது. ஹீலியம் கசிந்து அறையின் ஆக்சிஜன் குறைவது மூன்றாவது அடுக்கு என்பதைப் புதியவர்கள் அடிக்கடி மறக்கிறார்கள். ஹீலியம் நச்சு வாயு அல்ல என்பதால் அது வெறும் அலாரமாகப் பட்டியலில் உட்கார்ந்துவிடுகிறது.

மூன்றாவது அடுக்குக்கு ஐ.இ.சி. 61508, 61511 தரநிலைகளின்படி எஸ்.ஐ.எல். (பாதுகாப்பு நம்பக அளவு) மதிப்பீடு செய்ய வேண்டும். சிப்காட் ஆலைகளில் பாதுகாப்புப் பி.எல்.சி. பார்த்தவர்களுக்கு இது பழக்கமானதுதான், அதே முறை இங்கேயும் செல்லும்.

இரண்டாவது அடுக்கில் கவனம் முழுவதும் காந்தத்தின் மேல் இருக்க வேண்டும். ஈட்டரின் வளையக் காந்தங்களில் 68 கிலோ ஆம்பியர் ஓடும்போது தேங்கும் ஆற்றல் 41 ஜிகா ஜூல். வீட்டு மின்கட்டணக் கணக்கில் சொன்னால் சுமார் 11,400 யூனிட். மீக்கடத்தியில் ஓரிடம் சூடாகி மின்தடை வந்தால், அதை குவென்ச் என்பார்கள், இவ்வளவு ஆற்றலும் அந்த ஓரிடத்தைத் தேடிப் போகும். குவென்ச்சைக் கண்டதும் சுற்றைத் திறந்து ஆற்றலை வெளியே உள்ள பெரிய மின்தடைகளுக்குத் திருப்ப வேண்டும்.

கண்டுபிடிப்பதற்கு சுருளின் இரு பாதிகளிலும் மின்னழுத்தத்தை அளந்து வித்தியாசம் பார்க்கிறார்கள். வரம்பு பொதுவாக 100 மில்லிவோல்ட்டிலிருந்து சில நூறு மில்லிவோல்ட் வரை. அந்த மின்னழுத்தம் குறிப்பிட்ட நேரம் நிலைத்திருந்தால் மட்டுமே டிரிப். சிக்கல் எங்கே என்றால், மின்னோட்டம் வேகமாக மாறும்போது தூண்டலால் மட்டுமே பெரிய மின்னழுத்தம் சுருளில் எழும். இரு பாதிகளும் சரியாகச் சமன் செய்யப்படாவிட்டால் அந்த மிச்சமே வரம்பைத் தாண்டி, ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் பொய் டிரிப் வரும். உடனே காத்திருப்பு நேரத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டும் ஒவ்வொரு 100 மில்லிநொடிக்கும் கம்பி எவ்வளவு சூடாகும் என்று காந்த வடிவமைப்பாளரிடம் எழுத்தில் வாங்காமல் கூட்டாதீர்கள். முதலில் சமன் சுற்றைச் சரிசெய்யுங்கள்.

பொய் டிரிப்பைக் குறைக்க மூன்றில் இரண்டு வாக்கு முறை உதவும். மூன்று தனிச் சென்சார்களில் இரண்டு சொன்னால்தான் டிரிப். ஒன்று செத்துப்போனாலும் பாதுகாப்பு தொடரும், ஒன்று உளறினாலும் இயந்திரம் நிற்காது. மூன்று சென்சார்களுக்கும் ஒரே பவர் சப்ளையைக் கொடுத்துவிட்டால் இதில் பொருளே இல்லை.

டிரிப் கம்பி எப்போதும் மின்சாரம் போனால் பாதுகாப்பான பக்கம் விழுவதாக இருக்கட்டும். கேபிள் அறுந்தால், பியூஸ் போனால், கனெக்டர் கழன்றால், எல்லாமே டிரிப்பாக வரவேண்டும். இந்த ஒரு விதியில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: எல்லைத் தாள், பெயர்

ஈட்டரில் ஏழு உறுப்பினர்கள் பாகங்களைப் பொருளாகவே செய்து அனுப்புகிறார்கள். காந்தம் ஒரு நாட்டிலிருந்து, பவர் சப்ளை இன்னொரு நாட்டிலிருந்து வரும். ஒவ்வொன்றும் தன் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வந்து ஒரே மையத்தோடு பேச வேண்டும். அதற்காகவே எல்லாருக்கும் பொதுவாக ஒரு வடிவமைப்புக் கையேட்டை வைத்திருக்கிறார்கள். பெயரிடும் முறை, எந்தக் கட்டுப்படுத்தி, எந்த மென்பொருள், எந்தக் கேபினெட் என்பது வரை அதில் வரையறுத்திருக்கிறது.

உங்கள் அளவில் அது இரண்டு பக்க எல்லைத் தாளாக இருக்கலாம். பம்ப் ஒருவர் பொறுப்பு, கட்டுப்பாடு இன்னொருவர் பொறுப்பு என்றால், எந்த டெர்மினல் வரை யார்? அந்த டெர்மினலில் 24 வோல்ட்டா, வெறும் தொடர்பா? 24 வோல்ட்டை யார் தருகிறார்கள்? கேபிள் யாருடையது, அதன் லக்கை யார் அடிப்பது? தவறு வந்தால் சிக்னல் திறக்குமா, மூடுமா? இந்தக் கேள்விகளுக்கு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இரு பக்கமும் 24 வோல்ட் கொடுத்து கார்டு புகைவதும், இரு பக்கமும் கொடுக்காமல் ஒரு நாள் முழுவதும் தேடுவதும் இந்தத் தாள் இல்லாததால் நடப்பவைதான்.

பெயரை முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள். அமைப்பு, கருவி வகை, நான்கு இலக்க எண், சிக்னல் என்ற வரிசை போதும். VAC-GV-0101-OPEN என்பதுபோல. ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் சிறுகோடும் மட்டும் பயன்படுத்துங்கள். கீழே சொல்லப்போகும் எபிக்ஸ் மென்பொருளில் ஒரு பெயர் 60 எழுத்துக்குள் இருக்க வேண்டும். பெயரைப் பின்னால் மாற்றினால் பழைய பதிவுகள் பழைய பெயரிலேயே கிடக்கும், ஆண்டுக்கணக்கான ஒப்பீடு அறுந்துபோகும்.

நான்காம் படி: சிக்னல் பட்டியல், ஓர் எடுத்துக்காட்டு

ஒரு சிறிய வெற்றிட அறை. ஒரு ரோட்டரி பம்ப், ஒரு டர்போ பம்ப், நான்கு காற்றழுத்த வால்வுகள் (கேட் வால்வு, ரஃபிங் வால்வு, பேக்கிங் வால்வு, காற்று விடும் வால்வு), இரண்டு பிரானி அழுத்தமானி, ஒரு சூடான இழை அயனி அழுத்தமானி. எண்ணிப் பார்ப்போம்.

வால்வு ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை, திறந்தது, மூடியது என இரண்டு லிமிட் சுவிட்ச். ஆக 4 டிஜிட்டல் வெளியீடு, 8 டிஜிட்டல் உள்ளீடு. ரோட்டரிக்கு ஒரு கட்டளை, ஓடுகிறது, ஓவர்லோடு. டர்போவுக்கு ஒரு கட்டளை, முழு வேகம், பழுது, அதோடு வேகத்தைக் காட்டும் ஒரு அனலாக். மூன்று அழுத்தமானிகளுக்கும் மூன்று அனலாக். அயனி அழுத்தமானியை ஏற்றி இறக்க ஒரு கட்டளை, அது எரிகிறதா என்று ஒரு உள்ளீடு. குளிர்நீர் ஓட்டம், காற்றழுத்தம் இரண்டுக்கும் ஒவ்வொரு சுவிட்ச். டர்போ பேரிங் வெப்பநிலை ஓர் அனலாக். கூட்டினால் டிஜிட்டல் வெளியீடு 7, டிஜிட்டல் உள்ளீடு 15, அனலாக் உள்ளீடு 5. மொத்தம் 27.

பதினைந்துக்கு 16 சேனல் கார்டு போதும் என்று தோன்றும். அவசர நிறுத்தப் பொத்தானின் நிலையைத் திரையில் காட்ட ஒரு தொடர்பைக் கொண்டுவந்தால் கார்டு நிரம்பிவிட்டது. அடுத்த மாதம் ஒரு கதவு சுவிட்ச் சேர்ப்பார்கள். 20 முதல் 25 சதவீதம் ஸ்பேர் விடுவது வழக்கம், ஆகவே 32 சேனல் உள்ளீடு, 16 சேனல் வெளியீடு, 8 சேனல் அனலாக் எடுங்கள். டெர்மினலிலும் கேபிளிலும் அதே அளவு ஸ்பேர் வேண்டும். கார்டில் இடம் இருந்து கேபிளில் கம்பி இல்லாத பேனல்கள் ஏராளம்.

அளவீட்டைப் பற்றி மூன்று எச்சரிக்கை. அழுத்தமானிகள் பலவற்றின் வெளியீடு மடக்கை அளவில் வரும். அதை நேர்கோட்டுச் சூத்திரத்தில் மாற்றினால் திரையில் காட்டும் எண்ணுக்கும் உண்மைக்கும் தொடர்பே இருக்காது. பிரானி காட்டும் எண் வாயுவைப் பொறுத்தது. காற்றுக்கு அளவீடு செய்ததை ஹைட்ரஜனில் அப்படியே நம்பக் கூடாது. 4 முதல் 20 மில்லி ஆம்ப் சிக்னலில் 3.6-க்குக் கீழே போனாலோ 21-ஐத் தாண்டினாலோ அது கருவிப் பழுது. அதை "அழுத்தம் மிகக் குறைவு" என்று எடுத்துக்கொண்டு டர்போவை ஓட்டச் சொல்லும் நிரலை எழுதிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: நிலைகளாக எழுதுதல்

இந்த அமைப்புக்கு ஆறு நிலைகள் போதும்: ஓய்வு, ரஃபிங் (ரோட்டரியால் முதல் கட்ட வெற்றிடம் எடுப்பது), டர்போ வேகமெடுத்தல், உயர் வெற்றிடம், காற்று விடுதல், பழுது. ஒவ்வொரு நிலையிலும் எந்த வால்வு திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று அட்டவணை போடுங்கள். பிறகு ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கான நிபந்தனையையும் அதிகபட்ச நேரத்தையும் எழுதுங்கள். ரஃபிங்கில் 0.1 மில்லிபாருக்குக் கீழே வந்தால் டர்போ தொடங்கலாம். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் கசிவு என்று கொண்டு பழுது நிலைக்குப் போக வேண்டும். 10⁻³ மில்லிபாருக்குக் கீழே வராமல் அயனி அழுத்தமானியின் இழையை எரிய விடக் கூடாது, எரிந்தே போய்விடும். நேர வரம்பு இல்லாத நிபந்தனை ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் அமைப்பு ஒருநாள் அந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும், காரணமும் திரையில் தெரியாது.

மின்சாரம் போகும் நேரத்தைத் தனியாக எழுதுங்கள். இங்கேதான் கடலூர்க் கடற்கரைக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாக யோசிப்பார்கள். 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபின் மாவட்டத்தின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ரோட்டரி நின்றதும் அதன் எண்ணெய் ஆவி வெற்றிடத்தின் பக்கம் ஏறும். கேட் வால்வும் பேக்கிங் வால்வும் மின்சாரமோ காற்றோ போனால் தானாக மூடும் வகையாக இருக்க வேண்டும். டர்போ கட்டளை இல்லாமலே பல நிமிடம் சுற்றிக்கொண்டிருக்கும். கட்டுப்படுத்திக்கும் அழுத்தமானிகளுக்கும் யு.பி.எஸ். அந்தச் சுழற்சி அடங்கும்வரை தாங்க வேண்டும். மின்சாரம் திரும்பி வந்ததும் எதுவும் தானாகத் தொடங்கக் கூடாது. ஓய்வு நிலையில் நின்று ஆள் வரும்வரை காத்திருக்கட்டும்.

பெரிய இயந்திரத்திலும் இதே முறைதான். ஒவ்வொரு துணை அமைப்பும் தன் உள் நிலைகளை மையத்துக்குப் புரியும் சில பொது நிலைகளாகச் சுருக்கிச் சொல்லும்: அணைந்தது, தயாராகிறது, தயார், துடிப்பு ஓடுகிறது, துடிப்புக்குப் பின், பழுது. எல்லாரும் தயார் என்று சொன்னால்தான் கவுண்ட்டவுன் தொடங்கும்.

ஆறாம் படி: எபிக்ஸ்

ஈட்டர், தென்கொரியாவின் கேஸ்டார் ஆகியவற்றின் கட்டுப்பாடு எபிக்ஸ் என்ற இலவசத் திறந்தமூல மென்பொருளின் மேல் நிற்கிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ், ஆர்கான் ஆய்வகங்களில் துகள் முடுக்கிகளுக்காக வளர்ந்தது அது. ஆலையின் கண்காணிப்பு மென்பொருளான ஸ்காடா தெரிந்தவர் இதைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்ளலாம். ஒரு லினக்ஸ் மடிக்கணினி போதும். எபிக்ஸ் பேஸை நிறுவி, சாஃப்ட்ஐஓசி என்ற நிரலில் ஓர் அனலாக் உள்ளீட்டுப் பதிவை ஓடவிட்டு, இன்னொரு முனையத்திலிருந்து அதைப் படித்தும் எழுதியும் பாருங்கள். பிறகு மாட்பஸ் என்ற தொடர்பு நெறிமுறை வழியாக ஒரு சிறிய பி.எல்.சி.யை இணையுங்கள்.

புதியவர்கள் விழும் குழிகள் மூன்று. அலாரம் வரம்பை மட்டும் கொடுத்து, அந்த வரம்பின் தீவிரத்தைக் குறிப்பிட மறப்பது முதலாவது. தீவிரத்தின் தொடக்க மதிப்பு "அலாரம் இல்லை" என்பதே. வரம்பு தாண்டும், திரை பச்சையாகவே இருக்கும். இரண்டாவது, ஒரே அறையில் நன்றாக ஓடியது வேறு சப்நெட்டுக்குப் போனதும் சிக்னலைக் காணோம் என்பது. பெயரைத் தேடும் செய்தி 5064 போர்ட்டில் பிராட்காஸ்ட் ஆகப் போகிறது, ரவுட்டரைத் தாண்டாது. முகவரிப் பட்டியலை நீங்களே கொடுத்து, ஃபயர்வாலில் 5064, 5065 இரண்டையும் திறக்க வேண்டும். மூன்றாவதுதான் ஆபத்தானது, இன்டர்லாக்கை எபிக்ஸ் வழியாகக் கொண்டுபோவது. மறுமுனைக் கணினி சத்தமில்லாமல் செத்தால், அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நிரலுக்குத் தெரிய இயல்பு அமைப்பில் 30 நொடிவரை ஆகலாம். அதுவரை திரையில் பழைய எண் புதியதுபோல நிற்கும். எபிக்ஸ் பார்ப்பதற்கும் கட்டளை கொடுப்பதற்கும் மட்டும். காக்கும் வேலை கம்பிக்கும் பாதுகாப்புக் கட்டுப்படுத்திக்கும் உரியது.

ஏழாம் படி: கடிகாரமும் பதிவும்

வெவ்வேறு கேபினெட்டுகளின் பதிவுகளை ஒப்பிட ஒரே கடிகாரம் வேண்டும். சாதாரண நெட்வொர்க் நேரம் மில்லிநொடி அளவில்தான் சரியாக இருக்கும். ஐ.இ.இ.இ. 1588 நெறிமுறை அதற்கான சுவிட்சுகளோடு மைக்ரோநொடிக்கும் கீழே கொண்டுவரும். மெதுவான பி.எல்.சி.களுக்கு முன்னது போதும், வேகக் கணினிகளுக்குப் பின்னது வேண்டும். ஃபைபரில் ஒளி மீட்டருக்கு 5 நானோநொடி எடுக்கும். 200 மீட்டர் என்றால் ஒரு மைக்ரோநொடி, டிரிகர் கணக்கில் அதையும் சேருங்கள்.

பதிவின் அளவைப் பெருக்கிப் பாருங்கள். 64 சேனல், நொடிக்கு 10 லட்சம் மாதிரி, மாதிரிக்கு 2 பைட்: நொடிக்கு 128 மெகாபைட். அரை நொடித் துடிப்புக்கு 64 மெகாபைட், எந்தக் கணினியும் தாங்கும். ஈட்டர் திட்டமிடுவது போன்ற 400 நொடித் துடிப்புக்கு 51 ஜிகாபைட். அப்போது துடிப்பு முடிந்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்ற பழைய முறை செல்லாது, ஓடும்போதே எழுதியாக வேண்டும்.

துடிப்பு நீளம் அளவீட்டையும் மாற்றிவிடுகிறது. காந்தப்புலத்தைச் சிறு கம்பிச்சுருளால் அளந்து, அதன் மின்னழுத்தத்தை நேரத்தோடு தொகுத்துக் கணக்கிடுகிறார்கள். தொகுக்கும் கருவியில் வெறும் 10 மைக்ரோவோல்ட் பிழை இருந்தால் 0.1 நொடியில் அது பொருட்டே அல்ல. 400 நொடியில் 4 மில்லிவோல்ட்-நொடியாகச் சேரும். சுருளின் பயன்பரப்பு 0.1 சதுர மீட்டர் என்றால் 0.04 டெஸ்லா பிழை. பிளாஸ்மா எங்கே இருக்கிறது என்பதே தவறாகத் தெரியும்.

எட்டாம் படி: எர்த், கேபிள், உப்புக்காற்று

மாறும் காந்தப்புலத்தில் ஒவ்வொரு கம்பி வளையமும் ஒரு ஜெனரேட்டர். 100 சதுர சென்டிமீட்டர் திறந்த வளையம், நொடிக்கு 1 டெஸ்லா மாற்றம் என்றால் 10 மில்லிவோல்ட் எழும். கே-வகைத் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்தான் தருகிறது. ஆக 240 டிகிரிக்கு மேல் பொய் வெப்பம். அதை நம்பி இன்டர்லாக் அடித்தால் துடிப்பு தொடங்கும் முன்பே முடிந்துவிடும். போகும் கம்பியும் வரும் கம்பியும் முறுக்கியே செல்ல வேண்டும், டெர்மினல் வரை. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வது குறைந்த அதிர்வெண் அளவீடுகளுக்குப் பொருந்தும். இரு முனையும் எர்த் செய்தால் ஷீல்டே ஒரு வளையமாகும். உயர் மின்னழுத்த மேடையில் உள்ள கருவிக்கு ஃபைபர் தவிர வேறு வழி பார்க்காதீர்கள்.

சிதறும் காந்தப்புலம் ரிலே, சோலனாய்டு வால்வு, பேனல் மின்விசிறி, ஃபெரைட் கொண்ட பவர் சப்ளை எல்லாவற்றையும் தடுமாற வைக்கும். டர்போ பம்பின் சுழலி சில மில்லி டெஸ்லா புலத்திலேயே சுழல்மின்னோட்டத்தால் சூடாகும். காந்தப் புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேபினெட்டின் இடத்தைக் குறியுங்கள். நியூட்ரான் வரும் இயந்திரத்தில் பி.எல்.சி. சுவருக்கு வெளியேதான். நினைவகத்தில் ஒரு பிட் புரண்டால்கூட நிரல் தடம் மாறும்.

பழகும் பேனலைக் கடலூரிலோ புதுச்சேரியிலோ அமைப்பவர்கள் உப்புக்காற்றுக்காக ஒன்றைச் செய்ய வேண்டும். காற்று உள்ளே இழுக்கும் மின்விசிறி வைத்த பேனலைத் தவிர்த்து, ஐ.பி. 65 அடைப்பும் உள்ளே சிறு ஹீட்டரும் வையுங்கள். வெள்ளீயம் பூசாத செம்பு லக்குகள் ஒரு மழைக்காலத்தில் பச்சை பிடிக்கும், 4-20 சிக்னல் தாங்கிக்கொள்ளும், தெர்மோகப்பிளின் மில்லிவோல்ட் தாங்காது.

ஒன்பதாம் படி: சோதனை

தொழிற்சாலையில் ஒருமுறை, இடத்தில் ஒருமுறை. அனலாக் ஒவ்வொன்றிலும் 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்ப் செலுத்தி, திரை எண்ணைப் பாருங்கள். டெர்மினலிலிருந்து மட்டும் பார்த்தால் போதாது, சென்சார் முனையிலிருந்தே பார்க்க வேண்டும். இன்டர்லாக்கில் மென்பொருளில் எண்ணை மாற்றி டிரிப் ஆகிறது என்று கையெழுத்துப் போடாதீர்கள். கம்பியைக் கழற்றுங்கள், குளிர்நீர் வால்வை மூடுங்கள், காற்றை நிறுத்துங்கள். டிரிப்புக்கு எடுத்த நேரத்தை ஆசிலோஸ்கோப்பில் அளந்து, முதல் படியில் எழுதிய நேரப் பட்டியலில் எதிரே எழுதுங்கள். சோதனைக்காக வைத்த பைபாஸ் ஒவ்வொன்றுக்கும் எண், பெயர், நீக்கும் தேதி இருக்கட்டும்.

கடைசியாகப் பிளாஸ்மா இல்லாத வெறும் துடிப்புகள். வாயு விடாமல், கவுண்ட்டவுன், டிரிகர், குறைந்த மின்னோட்டம், பதிவு, மீட்பு என்று முழு வரிசையையும் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஒவ்வொரு துடிப்பிலும் டிரிகருக்கும் காந்த மின்னோட்டம் எழுவதற்கும் இடையிலான தாமதத்தைக் குறியுங்கள். தாமதம் மாறாமல் இருந்தால் அதைத் திட்டத்தில் கழித்துக்கொள்ளலாம். துடிப்புக்குத் துடிப்பு 0 முதல் 20 மில்லிநொடிவரை அலைந்தால் வரிசையில் எங்கோ ஒரு டிரிகர் பி.எல்.சி. ஸ்கேனுக்குள் போய் வருகிறது என்று பொருள். வாயுவைத் திறக்கும் முன் அந்தக் கம்பியைக் கண்டுபிடித்து நேரடியாக டைமிங் கார்டுக்கு மாற்றுங்கள்.